இரட்டைக் குழல் துவக்கு: வாங்கும் விலையும் வைத்திருக்கும் விலையும்

நெற்கதிர் பால் பிடிக்கும் நாட்களில் காட்டுப்பன்றிக் கூட்டம் ஒன்று ஓரிரவு வயலுக்குள் இறங்கினால், மாதக்கணக்கான உழைப்பு விடியுமுன் சேறாகிவிடும். நீண்டகாலம் இடம்பெயர்ந்திருந்து காணிக்குத் திரும்பிய குடும்பங்களுக்கு இத்துன்பம் இன்னும் பெரிது. ஆளில்லாது கிடந்த வரம்புகளைக் காடு மூடியது. காட்டோடு பன்றியும் முள்ளம்பன்றியும் குரங்கும் வந்து சேர்ந்தன. இன்னும் திரும்ப முடியாமல் வேறிடத்தில் குத்தகைக் காணி செய்பவர்களோ, கடன்பட்டு விதைத்ததைக் காக்கவேண்டிய நிலையில் இருக்கின்றனர். ஆகவே, "ஒரு துவக்கு இருந்தால் நல்லது" என்ற பேச்சு கமக்காரர் கூட்டங்களில் எழுவது இயல்பே.

இப்பாடத்தில் இரட்டைக் குழல் துவக்கைக் குறைந்த செலவில், சட்டப்படி, ஆபத்தின்றி வைத்திருப்பது பற்றி ஆராய்வோம். முதலில் மனதிற் கொள்ளவேண்டியது ஒன்று. துவக்கை வாங்கும்போது கொடுக்கும் பணம் அதன் முழு விலையன்று. பத்திரம், குழல், தோட்டா, காவல் என்னும் நான்கு கணக்குகளையும் கூட்டிப் பார்க்கவேண்டும். இவற்றுள் ஒன்றைச் செலுத்த முடியாதவருக்கு, இலவசமாகக் கிடைத்த துவக்கும் நட்டமே.

றைபிளா, வேட்டைத் துவக்கா?

இரட்டைக் குழல் என்றதும் இரு வகைகளைப் பிரித்தறிதல் வேண்டும். றைபிளின் குழலினுள்ளே சுருள் வரிகள் வெட்டப்பட்டிருக்கும். அது ஒரு தடவைக்கு ஒரே ஒரு குண்டைச் சுழற்றி அனுப்பும். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நுவரெலியாவில் குடியேறியிருந்த சாமுவேல் பேக்கர் போன்ற ஆங்கில வேட்டைக்காரர் யானை வேட்டைக்குப் பயன்படுத்தியவற்றுள் இரட்டைக் குழல் றைபிள்களும் இருந்தன. இரண்டு குழல்களும் ஒரே இடத்தில் குண்டைச் சேர்க்கும்படி, தொழிலாளி சுட்டுச் சுட்டுப் பார்த்துக் குழல்களைப் பொருத்தவேண்டும். இதனாலேயே அவ்வகை றைபிள் அன்றும் இன்றும் செல்வந்தர் பொருளாக இருக்கிறது. அதன் குண்டு கிலோமீற்றர் கணக்கில் செல்லக்கூடியது. வீடுகளும் வயல்களும் கலந்திருக்கும் எமது கிராமங்களுக்கு அது பொருந்தாது.

பயிர்க்காவலுக்கு ஏற்றது வரியில்லாத குழலுடைய வேட்டைத் துவக்கே. நாம் "சொட்கன்" என்று சொல்வதும் இதையே. இது பல சன்னங்களை ஒன்றாக அனுப்பும். பயன்தரும் தூரம் ஏறத்தாழ 35 மீற்றர். இரண்டு குழல் இருப்பதன் நன்மை, முதல் வெடி தவறினாலோ விலங்கு காயப்பட்டாலோ இரண்டாவது உடனே கையில் இருப்பதுதான். அத்தோடு, துவக்கை மடித்துத் திறந்தவுடன் இரு குழல்களும் வெறுமையா என்பதை எவரும் கண்ணாற் காணலாம். ஏழைக் கமக்காரனுக்கு இவ்வமைப்பின் மிகப் பெரிய நன்மை இதுவே.

முதலாவது கணக்கு: பத்திரம்

இலங்கையில் துவக்கு வைத்திருப்பதை 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. பயிர்ப் பாதுகாப்புக்கான அனுமதிப்பத்திரத்துக்கு மாவட்டச் செயலகத்தை நாடவேண்டும். பத்திரம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படவேண்டும். விண்ணப்பிக்குமுன் தேவையான ஆவணங்கள் எவையென்று கிராம உத்தியோகத்தரிடம் கேட்டறிந்து கொள்ளுங்கள். இடம்பெயர்வில் காணி உறுதியையோ பழைய பத்திரத்தையோ இழந்தவர்கள், அவற்றின் பிரதிகளைப் பெறுவதையே முதல் வேலையாகக் கொள்ளவேண்டும்.

மூன்று விடயங்களை மறக்கலாகாது. ஒன்று, பத்திரம் ஆளுக்கு உரியது. அதை அண்ணனுக்கோ அயலவருக்கோ இரவல் கொடுக்க முடியாது. இரண்டு, உரிமையாளர் இறந்தால் பத்திரம் பிள்ளைக்குத் தானாகச் சேராது. துவக்கைப் பற்றி உடனே அதிகாரிகளுக்கு அறிவித்து, பிள்ளை தன் பெயரில் விண்ணப்பிக்க வேண்டும். மூன்று, காணி துப்புரவாக்கும்போதோ கிணறு இறைக்கும்போதோ போர்க்காலத் துவக்கோ ரவையோ வேறு வெடிபொருளோ கண்ணிற்பட்டால் அதைத் தொடாதீர்கள். அவ்விடத்தை அடையாளமிட்டு, பிள்ளைகளை விலக்கி, பொலிசாருக்கு அறிவியுங்கள். "சும்மா கிடைத்த துவக்கு" ஒரு கையையோ, சிறையில் பல வருடங்களையோ விலையாகக் கேட்கும்.

இரண்டாவது கணக்கு: குழல்

புதிய துவக்கு வாங்க வசதியில்லாதவர், பத்திரத்துக்கு அனுமதி கிடைத்த பின், பழைய துவக்கொன்றை நாடுவதுண்டு. பழையது என்பதால் அது கெட்டதாகாது. நன்றாகப் பேணப்பட்ட இங்கிலாந்துத் துவக்குகள் மூன்று தலைமுறைக்கும் உழைக்கின்றன. ஆயினும் பணம் கொடுக்குமுன் பின்வருவனவற்றைச் சோதியுங்கள்.

1. துவக்கை மடித்து, தோட்டா இல்லையென உறுதிசெய்த பின் குழல்களைக் கழற்றி, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து உள்ளே பாருங்கள். கண்ணாடிபோல் இருத்தல் நன்று. துருக்குழிகள், உள்வாங்கிய நெளிவு, வளையம்போல் தெரியும் வீக்கம் ஆகியன கூடா. வீங்கிய குழல் அடுத்த வெடியில் கிழியலாம்.

2. கழற்றிய குழல்களை ஒரு கயிற்றில் தொங்கவிட்டு விரல் கணுவால் மெல்லத் தட்டுங்கள். மணிபோல் ஓசை எழுந்தால் இரு குழல்களையும் இணைக்கும் பற்று உறுதியாக உள்ளது. ஓட்டைப் பானைபோல் ஒலித்தால் பற்று விட்டிருக்கலாம்.

3. மீண்டும் பூட்டி, துவக்கை அசைத்துப் பாருங்கள். குழலின் அடிப்பக்கத்துக்கும் துவக்கின் முகத்துக்கும் இடையில் வெளிச்சம் தெரிந்தால் அது தேய்ந்த துவக்கு.

4. குழலின் மேற்பரப்பில் பாய் முடைந்தாற்போன்ற கோலம் தெரிந்தால், அது இரும்பு நாடாக்களைச் சுற்றி அடித்துச் செய்த பழைய குழலாக இருக்கலாம். அவற்றுட் பல கரிமருந்துக் காலத்தவை. இக்காலப் புகையில்லா மருந்துத் தோட்டாவை அதில் போடலாமா என்பதைக் குழலின் அடியிலுள்ள சோதனை முத்திரையே சொல்லும். இங்கிலாந்தில் பேர்மிங்ஹாம் நகரச் சோதனைச்சாலை 1813இல் நிறுவப்பட்டது. அங்கே அளவுக்கு மிஞ்சிய மருந்தேற்றிச் சுட்டுப் பார்த்த பின்னரே முத்திரையிடுவர். முத்திரையை வாசிக்கத் தெரிந்த துவக்குத் திருத்துநரிடம் காட்டாமல் அத்தகைய துவக்கைச் சுடவேண்டாம்.

5. தோட்டா அறையின் நீளத்தைக் கேட்டறியுங்கள். பழைய ஆங்கிலத் துவக்குகளில் இது பெரும்பாலும் 65 மில்லிமீற்றர். இன்று பரவலாக விற்கப்படும் தோட்டாக்களிற் பல 70 மில்லிமீற்றர் அறைக்கானவை. வெடிக்குமுன் அது சிறிய அறையினுள்ளும் அடங்கிவிடும். வெடித்து வாய் விரியும்போது இடம் போதாமல் அமுக்கம் கூடும். ஆகவே "உள்ளே போகிறது" என்பது "பொருந்துகிறது" என்பதற்கு அத்தாட்சியன்று.

மூன்றாவது கணக்கு: தோட்டாவும் சுடுதலும்

ஓர் இறாத்தல் ஈயத்தை 12 சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டையின் விட்டம் எதுவோ, அதுவே 12ஆம் இலக்கத் துவக்கின் குழல் அகலம். இலக்கம் கூடக் குழல் சிறுக்கும். 20ஆம் இலக்கத் தோட்டா ஒன்று தவறுதலாக 12ஆம் இலக்கக் குழலில் விழுந்தால், அது வழுக்கி முன்னே சென்று இறுகிவிடும். அறை வெறுமையென நினைத்துப் பின்னால் 12ஆம் இலக்கத் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் சுடுபவரின் கையருகே வெடிக்கும். எனவே ஒரு வீட்டில் ஓர் இலக்கத் தோட்டா மாத்திரமே இருக்கட்டும்.

செலவைக் குறைக்க எண்ணி வெற்றுத் தோட்டாக்களில் வெடிமருந்து நிரப்பும் வழக்கம் சில இடங்களில் உண்டு. வெடிபொருட்களை 1956ஆம் ஆண்டின் வெடிபொருட்கள் சட்டம் கட்டுப்படுத்துகிறது. அளவு தெரியாமல் நிரப்பிய தோட்டா மலிவானதன்று. செலவைக் குறைக்கும் சரியான வழி, குறைவாகச் சுடுவதே. அதற்குச் சில முறைகள் உண்டு.

பழைய பத்திரிகைத் தாள்களை ஒட்டிப் பெரிதாக்கி, மண்மேட்டின் முன் கட்டி, 30 மீற்றரில் நின்று ஒவ்வொரு குழலாலும் ஒரு தடவை சுட்டுப் பாருங்கள். சன்னம் எங்கே சேர்கிறது, எவ்வளவு பரவுகிறது என்பதை இரண்டே தோட்டாக்களில் அறியலாம். இரு விசையுள்ள துவக்குகளில் வழக்கமாக முன்விசை வலக்குழலையும் பின்விசை இடக்குழலையும் வெடிக்கவைக்கும். வலக்குழல் அதிகம் பரப்பும்; கிட்டிய இலக்குக்கு உரியது. இடக்குழலின் வாய் சற்று ஒடுங்கியிருக்கும். தூர இலக்குக்கு உரியது. இதை அறிந்தவர் முதல் தோட்டாவை வீணாக்கமாட்டார்.

காவற்பரணைச் சுற்றி 30 மீற்றரில் நான்கு புறமும் தடி நட்டு வெள்ளைத் துணி கட்டுங்கள். துணிக்கு அப்பால் நிற்பதைச் சுடுவதில்லை என முடிவு செய்யுங்கள். அப்பால் சுட்டால் விலங்கு சாகாது, காயத்தோடு ஓடும். காயப்பட்ட பன்றியை இரவில் பின்தொடர்வது உயிராபத்து.

பரணிலிருந்து கீழ்நோக்கிச் சுடுவதால் சன்னம் மண்ணுள் இறங்கும். நிலத்தில் நின்று மட்டமாகச் சுட்டால், பறவைக்கான சிறு சன்னமே 200 மீற்றருக்கு மேலும், எஸ்.ஜி. எனப்படும் பெரிய சன்னம் 600 மீற்றருக்கு மேலும் செல்லக்கூடும். அடுத்த வயலிலும் ஒருவர் காவல் இருக்கிறார் என்பதை நினைவிற் கொள்ளுங்கள். பற்றை அசைந்ததற்காகச் சுடலாகாது. விலங்கின் முழு உருவையும் அதன் பின்னால் உள்ளதையும் விளக்கொளியிற் கண்ட பின்னரே விரல் விசைக்குச் செல்லவேண்டும்.

விசையை இழுத்தும் வெடிக்காவிட்டால், துவக்கை ஆபத்தில்லாத பக்கம் நீட்டியபடி ஒரு நிமிடம் பொறுத்த பின்னரே திறவுங்கள். ஈரம்பட்ட தோட்டா தாமதித்தும் வெடிக்கும். வெடியோசை வழமைக்கு மாறாக மெலிந்து கேட்டால், குழலுக்குள் ஏதும் அடைபட்டுள்ளதா எனப் பாராமல் அடுத்ததைச் சுடவேண்டாம்.

யானைக்கு இத்துவக்கு மருந்தல்ல. சன்னம் யானையைக் கொல்லாது. காயம் புரையோடி, வேதனையில் அது மனிதரைத் தாக்கும். 2019ஆம் ஆண்டில் மாத்திரம் இலங்கையில் 400க்கு மேற்பட்ட யானைகளும், யானை தாக்கி 100க்கு மேற்பட்ட மனிதரும் இறந்தனர். யானையைக் கொல்வது கடுந்தண்டனைக்குரிய குற்றம். வேறு எவ்விலங்குகளுக்குப் பாதுகாப்பு உண்டு என்பதை வனசீவராசிகள் திணைக்கள அலுவலரிடம் கேட்டறியுங்கள்.

நான்காவது கணக்கு: காவல்

பயிரைக் காக்கும் துவக்கை நாமும் காக்கவேண்டும். பெரும்பாலான பழைய துவக்குகளின் பாதுகாப்புப் பூட்டு விசையை மாத்திரமே தடுக்கும். துவக்கு விழுந்து அடிபட்டால் உள்ளேயுள்ள குதிரை விடுபட்டு வெடிக்கலாம். எனவே பரணில் ஏறுமுன், வேலி கடக்குமுன், வீட்டுப் படலையைத் தாண்டுமுன் தோட்டாக்களை எடுத்துவிடவேண்டும். துவக்கை ஓரிடத்திலும் தோட்டாவை வேறோரிடத்திலும் பூட்டி வையுங்கள். திறப்பு குடும்பத் தலைவரிடம் இருக்கட்டும்.

மாரி காலத்தில் துணி உறையிலோ தோல் உறையிலோ நாட்கணக்கில் வைத்தால் துரு பிடிக்கும். சுட்ட அன்றே தடியில் சுற்றிய துணியால் குழலைத் துடைத்து, தையல் இயந்திர எண்ணெயை மெல்லியதாகப் பூசினால் போதும். தேங்காயெண்ணெய் நாளடைவில் பிசுபிசுக்கும். சுடப்போகும் ஒவ்வொரு தடவையும் குழலுக்குள் பாருங்கள். குளவி மண்கூடு கட்டியிருந்தாலும், வரம்பில் சறுக்கியபோது சேறு ஏறியிருந்தாலும் குழல் வெடிக்கும்.

தற்காலிகக் கொட்டிலில் வாழும் குடும்பத்துக்குப் பூட்டக்கூடிய இடம் இல்லாவிட்டால், பத்திரமுள்ள துவக்கைப் பொலிஸ் நிலையத்தில் பாதுகாப்புக்காக ஒப்படைக்க முடியுமா எனக் கேட்டு, ஒப்படைத்தால் பற்றுச்சீட்டுப் பெறுங்கள். பிள்ளைகளும் அயலவர்களும் நெருங்கி வாழும் இடத்தில் கூரைக்குள் செருகிய துவக்கு காவலாகாது.

கூட்டாகச் செய்தால்

பதினைந்து குடும்பங்கள் உள்ள ஒரு வயல்வெளியைக் கற்பனை செய்வோம். பதினைந்து துவக்குகள் வாங்க எவராலும் இயலாது, தேவையும் இல்லை. பத்திரமுள்ள ஒருவரே துவக்கை வைத்திருப்பார், அவரே சுடுவார். ஏனையோர் தோட்டாச் செலவைப் பங்கிட்டு, அவருடைய வயலில் ஒருநாள் வேலை செய்து கொடுக்கலாம். மற்ற வேலைகள் அனைவருக்கும் பொது: வேலி அடைத்தல், எல்லைப் பற்றைகளை வெட்டுதல், முறைவைத்துக் காவலிருத்தல், தகரம் அடித்தல், தீ மூட்டுதல். பயிரை எல்லாரும் ஒரே வாரத்தில் விதைத்தால், கதிர் முற்றும் நாட்களும் ஒன்றாக வரும். காவல் நாட்களும் குறையும்.

காவலுக்கு ஆளில்லை என்பதற்காகக் கட்டுத்துவக்கு வைப்பதும் வீட்டு மின்சாரத்தை வேலிக்குக் கொடுப்பதும் ஒருபோதும் கூடாது. கயிற்றில் கால் இடறியது பன்றியா, விறகு பொறுக்க வந்த தாயா என்று கட்டுத்துவக்கு பார்ப்பதில்லை. போரிலே காலிழந்தோர் பலர் வாழும் எமது ஊர்களில், ஒரு மூடை நெல்லுக்காக இன்னொரு காலை இழக்கச் செய்யலாமா?

குழுவாகக் கலந்துரையாட

1. சென்ற போகத்தில் எமது வயல்வெளியில் விலங்குகளால் ஏற்பட்ட அழிவு எத்தனை மூடை? அவ்வழிவு எந்த வாரங்களில் நிகழ்ந்தது?

2. அவ்வழிவில் எவ்வளவை வேலியாலும் முறைக்காவலாலும் தடுக்கலாம்? எஞ்சியதற்குத் துவக்கு தேவையா?

3. தேவையாயின், நான்கு கணக்குகளையும் செலுத்தக்கூடியவர் எம்முள் யார்? அவருக்கு மற்றவர்கள் என்ன உதவி செய்யலாம்?

4. எமது கிராமத்தில் பத்திரமில்லாத துவக்கோ கட்டுத்துவக்கோ இருப்பின், எவரும் காயப்படுமுன் அதை அகற்றுவது எவ்வாறு?