உறைபனியிலிருந்து செடிகளைக் காக்கும் மரக்கூரை: முழுமையான வழிகாட்டி

நீலகிரியில் நவம்பரில் தொடங்கும் உறைபனி பிப்ரவரி வரை நீளும். சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் ஒரே இரவில் மரத்தக்காளியும் பீன்ஸும் கருகிவிடும். அதே காலையில் புல்வெளியைப் பாருங்கள்: வெட்டவெளி முழுக்க வெள்ளை, மரத்தடியில் மட்டும் பச்சை. மென்மையான செடிகளுக்கு அதுதான் இடம்.

மரம் என்ன செய்கிறது?

உறைபனி மேலிருந்து விழுவதில்லை. மேகமும் காற்றும் இல்லாத இரவில் மண்ணும் இலையும் தம் வெப்பத்தை வானில் இழந்து குளிர்கின்றன. அந்த இலைமேல் காற்றின் ஈரம் படிந்து உறைகிறது. தலைக்குமேல் கிளைகள் இருந்தால், போகும் வெப்பத்தில் ஒரு பங்கு கீழேயே திரும்பும்.

படி 1: பள்ளத்தைத் தவிருங்கள்

கனமான குளிர்காற்று சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அங்கே மரம் இருந்தாலும் பலன் குறைவு. சரிவின் நடுப்பகுதியே நல்லது.

படி 2: மரத்தைத் தேர்ந்தெடுங்கள்

குளிர்காலத்திலும் இலை நிற்கும் மரம் வேண்டும். தேயிலைத் தோட்டத்துச் சில்வர் ஓக் ஏற்றது. பிளம்ஸ், பேரி மரங்கள் அப்போது மொட்டையாக நிற்கும். யூகலிப்டஸ் மண்ணின் ஈரத்தை உறிஞ்சிவிடும். கிளை கழிப்பதைத் தென்மேற்குப் பருவமழைக்கு முன்பே முடித்தால், நவம்பருக்குள் மீண்டும் தழைக்கும்.

படி 3: மேற்குப் பக்கம் நடுங்கள்

உறைந்த இலைமேல் காலை வெயில் சட்டென்று பட்டால் சேதம் கூடும். மரத்தின் மேற்கே நட்டால், பனி மெல்லக் கரைய நேரம் கிடைக்கும். அடிமரத்தை ஒட்டி நட்டால் வேர்ப்போட்டி. கிளை விளிம்புக்குச் சற்று உள்ளே நடுங்கள்.

படி 4: பகலிலேயே நீர் பாய்ச்சுங்கள்

ஈரமண் பகல் வெப்பத்தைச் சேர்த்து இரவில் விடும். பனி எதிர்பார்க்கும் நாளில் மதியத்துக்குள் பாய்ச்சிவிடுங்கள். இலை நனைய வேண்டாம்.

படி 5: இளஞ்செடிக்குப் போர்வை

நாற்றுகளுக்கு மரக்கூரை மட்டும் போதாது. மாலையில் தாகை, மிலார் போன்ற உள்ளூர்ச் செடிகளை வெட்டிவந்து மூடுங்கள். ஊட்டி தாவரவியல் பூங்காவிலும் மலர்ச்செடிகளை மிலார் கொண்டு மூடுவதுண்டு.

கருகிவிட்டால்?

உடனே கத்தரிக்காதீர்கள். கருகிய நுனி, கீழுள்ள மொட்டை அடுத்த பனியிலிருந்து மறைக்கும். பனிக்காலம் முடிந்து தளிர் விட்டபின், உயிருள்ள இடம்வரை வெட்டுங்கள்.