சுண்டிக்குளத்துக்குப் போகும் குடும்பங்களுக்கு ஒரு பாடம்



சுற்றுலா என்ற சொல் நமக்கு ஒட்டாத சொல்லாகவே பல காலம் இருந்தது. பாயும் சட்டிபானையும் சுமந்து ஊர் விட்டு ஊர் போனவர்களுக்குப் பயணம் என்றால் பொருள் வேறு. ஆயினும் அண்மைக் காலத்தில் மாதர் சங்கக் கூட்டங்களில் ஒரு கேள்வி அடிக்கடி எழுகிறது. "பிள்ளையள் காட்டு மிருகங்களைப் படத்திலைதான் பாத்திருக்குதுகள். யாலவுக்குக் கூட்டிக்கொண்டு போகக் காசுக்கு எங்கை போறது?"

யாலவுக்கோ வில்பத்துவுக்கோ போனால்தான் தேசியப் பூங்காவைக் காணலாம் என்பதில்லை. குடாநாட்டின் தென்கிழக்கு வாசலில், வடமராட்சி கிழக்கும் கிளிநொச்சியும் சந்திக்கும் கரையில், சுண்டிக்குளம் இருக்கிறது. 1938ஆம் ஆண்டிலேயே அது பறவைகள் சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. 2015 ஜூன் மாதத்தில் தேசியப் பூங்காவாக உயர்த்தப்பட்டது. அப்போது அதன் பரப்பு 11,149 ஹெக்டேயரிலிருந்து 19,565 ஹெக்டேயராக, அதாவது நமது கணக்கில் ஏறத்தாழ 48,000 ஏக்கராகப் பெருகியது. இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் அது நமது காணி விடயத்தில் தேவைப்படும்.

முதலில் காலத்தைப் பார்ப்போம். விதைப்புக்குக் காலம் பார்ப்பது போலவே இதற்கும் காலம் பார்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மாரியோடு வடக்கே இருந்து பறவைகள் வந்து இறங்கத் தொடங்கும். ஆனால் அந்த மாதங்களில் போகவேண்டாம். கனகராயன் ஆறு இரணைமடுவைத் தாண்டி இந்த நீரேரியில்தான் வந்து விழுகிறது. நெத்தலியாறும் அப்படியே. இரணைமடுவின் கதவுகள் திறக்கப்படும் நாட்களில் தாழ்ந்த பாதைகள் நீருக்குள் போய்விடும். 2018 டிசெம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் பட்ட வெள்ளத்தை யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். தைப்பொங்கல் கழிந்து, காலபோக நெல் வெட்டியோ வெட்டாமலோ இருக்கும் அந்த இடைவேளையிலிருந்து பங்குனி நடுப்பகுதி வரை உகந்த காலம். நீர் வற்ற வற்றப் பறவைகள் எஞ்சிய ஆழமில்லாத தண்ணீரில் நெருங்கிக் கூடும். சித்திரை வெயிலில் போனால் வெடித்த சேற்றையும் உப்புப் படிவையும்தான் காண்பீர்கள்.

நாளில் எந்நேரம் என்பதும் முக்கியம். நாம் முதற் தடவை போனபோது புறப்படவே பிந்தி, உச்சி வெயிலில் போய்ச் சேர்ந்தோம். கானல் ஆடிக்கொண்டிருந்தது. தூரத்தில் நீளமாக ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. உப்பு விளைந்து கிடக்கிறது என்று நம்மில் ஒருவர் சொல்ல, எல்லாரும் ஒத்துக்கொண்டோம். திரும்பும் நேரத்தில் அந்த உப்பு முழுவதும் எழும்பிப் பறந்தது. அத்தனையும் பூநாரைகள். பிள்ளைகள் இன்றைக்கும் அதைச் சொல்லி நம்மைச் சிரிக்கிறார்கள். விடியற்புறத்தில் போய்ச் சேருங்கள்; அல்லது பிற்பகல் நான்கு மணிக்குப் பின் நில்லுங்கள். சூரியன் முதுகுப் பக்கம் இருக்கட்டும்.

போகும் வழி இரண்டு. ஏ9 வீதியில் ஆனையிறவு கடந்து பரந்தனில் திரும்பி, முல்லைத்தீவு வீதியால் தருமபுரம் சென்று, அங்கிருந்து வடக்கே கல்லாறு வழியாகப் போகலாம். வடமராட்சிப் பக்கத்தார் மருதங்கேணி, வெற்றிலைக்கேணி, கட்டைக்காடு என்று கடற்கரை வழியே போகலாம். பஸ்ஸை நம்பிப் போனால் விடியற்புறத்துக்குச் சேரமுடியாது. நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு வானைப் பேசுவதே சிக்கனம். ஆனையிறவுத் தாம்போதியைக் கடக்கும்போது அந்தப் பெயரின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ஒல்லாந்தர் காலத்தில் வன்னிக் காட்டில் பிடித்த யானைகளை அவ்விடத்தில் தண்ணீரைக் கடத்திக் குடாநாட்டுக்குக் கொண்டுவந்து, ஊர்காவற்றுறையில் கப்பலேற்றி விற்றார்கள்.

ஆளுக்கு இரண்டு லீற்றர் குடிநீர் கட்டாயம். கட்டுச்சோறு, தொப்பி, மங்கலான நிற உடுப்பு, இரவல் வாங்கியாவது ஒரு தொலைநோக்குக் கண்ணாடி. பொலித்தீன் வேண்டாம். நாயைக் கொண்டுபோக வேண்டாம். தண்ணீரில் இறங்கவும் வேண்டாம். அங்கு முதலை உண்டு. பற்றைக்காட்டில் மானும், அரிதாகக் கரடியும் சிறுத்தையும் உள்ளன. ஆனால் அவற்றைக் காணலாம் என்று பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுக்காதீர்கள்.

இனிச் சொல்வதைப் பெரியவர்கள் இரண்டு முறை வாசிக்க வேண்டும். 2009 வரை போர் நடந்த நிலம் இது. கண்ணிவெடி அகற்றும் பணி வடக்கில் பல ஆண்டுகளாக நடந்துவருகிறது. பெரும் பரப்புத் துப்புரவாகியுள்ளது. ஆயினும் பாதையை விட்டு இறங்கலாம் என்று அதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. வெள்ளம் மண்ணைக் கரைக்கும்போது புதைந்து கிடந்தது இடம் மாறும். வாகனத் தடம் பதிந்த பாதையிலேயே நடங்கள். மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகையைக் கண்டால் அப்பால் ஓர் அடியும் வைக்காதீர்கள். துருப்பிடித்த எதையும் பிள்ளைகள் தொடக்கூடாது. இரும்பு சேர்த்து விற்கும் பழக்கமுள்ள வீடுகளில் இதைத் தனியாக இருத்திச் சொல்லவேண்டும். சந்தேகமான பொருளைக் கண்டால் நின்று, வந்த காலடித் தடத்திலேயே திரும்பி, பொலிசாருக்கோ கிராம அலுவலருக்கோ அறிவியுங்கள். மலசலத்துக்கென்று பற்றைக்குள் போவதே பெரும்பாலும் ஆபத்தைத் தேடிக்கொடுப்பது. ஆகவே அதைப் புறப்படுமுன் முடித்துக்கொள்ளுங்கள்.

கரையில் நின்று என்ன பார்ப்பது? சேற்றில் ஓடி ஓடிக் கொத்தும் உள்ளான்கள், கரண்டிவாயன், சங்குவளை நாரை, பலவகைக் காட்டுத்தாராக்கள் யாவும் உண்டு. வரித்தலை வாத்து என்றொன்றும் இங்கே கண்டு பதிவாகியுள்ளது. இமயமலைக்கு மேலால் பறந்து வரும் வாத்து அது. ஆனால் பிள்ளைகளின் கண் பூநாரையில்தான் நிற்கும். அது தலையைத் தலைகீழாகக் கவிழ்த்து, வளைந்த அலகால் சேற்றுநீரை அரித்து உண்ணும். நம் வீட்டுப் பெண்கள் அரிசி அரிப்பது போல என்றால் உடனே விளங்கும். அந்த நீரிலுள்ள பாசியும் இறால் இனத்துச் சிற்றுயிர்களுமே அதன் சிறகுக்கு இளஞ்சிவப்பு நிறத்தைக் கொடுக்கின்றன. குஞ்சு சாம்பல் நிறமாகவே பிறக்கும். இந்தியாவின் கச்சுச் சதுப்பில் இவ்வினம் பெருந்திரளாக முட்டையிடுகிறது. பாக்கு நீரிணைக்கு அப்பால் கோடியக்கரையிலும் மாரிக்குப் பின் இதே காட்சிதான். கல்லெறிந்து அவற்றை எழுப்பிப் படம் பிடிப்பவர்கள் உண்டு. நெடுந்தூரம் பறந்து களைத்து வந்த உயிரை இளைப்பாறவிடாமல் துரத்துவது எப்படியிருக்கும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இந்த நீரேரியில் நமக்கும் ஒரு வழக்கு இருக்கிறது. 1954இல் நீர்ப்பாசனப் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் ஒரு திட்டம் முன்வைத்தார். வன்னி ஆறுகளின் நீர் சுண்டிக்குளத்தால் வீணே கடலில் சேராமல் அணை கட்டி மறித்து, ஆனையிறவுக் கடல்நீரேரியை நன்னீராக்கி, முள்ளியான் கால்வாயால் வடமராட்சிக்குக் கொண்டுசென்று, குடாநாட்டுக் கிணறுகளின் உவரைத் தணிப்பது அவர் எண்ணம். சுண்டிக்குளத்தில் அணையும் எழுந்தது. பின்னர் வெள்ளம் அதை உடைத்தது. கால்வாய் முடிவுறவில்லை. நமக்கு நன்னீர் வேண்டும். பூநாரைக்கு உவர்நீர் வேண்டும். தண்ணீர் வேண்டும் என்ற கமக்காரனை இயற்கைக்குப் பகைவன் என்று சொல்லிவிடுவது சுலபம். நாம் அப்படிச் சொல்லமாட்டோம். ஆனால் கரையில் ஒரு காலை நின்று பார்த்தவன் பேசுவதற்கும் பாராதவன் பேசுவதற்கும் வித்தியாசம் இருக்கும்.

அடுத்தது காணி. சரணாலயம் என்றால் அதற்குள் தனியார் காணி இருக்கலாம். வழமையான தொழிலும் செய்யலாம். தேசியப் பூங்கா அப்படியல்ல. அது அரச நிலம். அனுமதிச் சீட்டோடு உள்ளே போய்ப் பார்த்துத் திரும்பலாமே தவிர, விறகு முறித்தல், வேட்டை, மாடு மேய்த்தல், பயிர் செய்தல் யாவும் குற்றம். ஆகவே புறப்படுமுன் வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்கள அலுவலகத்தில் இரண்டு கேள்வி கேளுங்கள்: எந்தப் பக்கத்தால் நுழையலாம், சீட்டு எங்கே பெறுவது? அங்கேயே மூன்றாவதாக எல்லைப் படத்தையும் காட்டச் சொல்லிக் கேளுங்கள். 2015இல் எல்லை விரிந்தபோது அயலூர்களில் காணி உள்ள பலர் இடம்பெயர்ந்து வேறிடங்களில் இருந்தார்கள். உங்கள் வயலருகே எல்லைக்கல்லைக் கண்டால் பிடுங்க வேண்டாம். அது வழக்கை நீங்களே தோற்பதாகும். கல் நிற்கும் இடத்தையும் அதிலுள்ள இலக்கத்தையும் குறித்துக்கொண்டு, உறுதி அல்லது அனுமதிப் பத்திரத்தின் பிரதியோடு பிரதேச செயலகத்துக்கு எழுத்தில் விண்ணப்பித்து, கிடைத்ததற்கு ஒப்பமும் வாங்குங்கள். உறுதி ஓட்டத்தில் தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்கலாம். இதைப் பயணத்துக்கு முன்பே செய்துவைப்பது நல்லது.

குழுவாகக் கூடிப் பேசுவதற்கு: நமது கிராமத்திலிருந்து போக எத்தனை குடும்பங்கள் விரும்புகின்றன, வான் கூலி ஆளுக்கு எவ்வளவு வரும்? நடக்க இயலாத முதியவர்களை எங்கே நிழலில் இருத்துவது, யார் துணை? சுண்டிக்குளம், கல்லாறு, கட்டைக்காடு பக்கங்களில் முன்பு வாழ்ந்த பெரியவர் எவரேனும் நம்மிடையே இருந்தால், அவரை முன் ஆசனத்தில் இருத்துங்கள். பழைய வண்டிப் பாதையும் துரவு இருந்த இடமும் அவருக்குத் தெரியும். பிள்ளைகள் ஒரு கொப்பியும் பென்சிலும் கொண்டுபோய், கண்ட பறவைகளை ஒரு பக்கத்திலும், அவர் காட்டும் இடங்களின் பெயர்களை மறுபக்கத்திலும் எழுதட்டும்.