எளிது, மிதம், கடினம்: மலைப்பாதையின் தரநிலையை அறிவோம்

ஏம்பலம், பாகூர், வில்லியனூர் பகுதிப் பிள்ளைகள் சமவெளியில் வளர்பவர்கள். ஏரிக்கரை, நெல்வயல், கரும்புத் தோட்டம் ஆகியவையே அவர்கள் அன்றாடம் நடக்கும் நிலம். ஆனால் கல்விச் சுற்றுலா என்றதும் அவர்கள் முதலில் கேட்பது மலையைத்தான். ஒரு பாதை ‘எளிது’ என்று அறிவிக்கப்பட்டிருந்தால், அது யாருக்கு, எப்போது எளிது என்று கேட்கும் பழக்கம் ஆசிரியருக்கும் மாணவருக்கும் வேண்டும். கணக்கையும் புவியியலையும் இணைக்கும் இப்பாடத்தை 6 முதல் 9 வரையுள்ள வகுப்புகளில் இரண்டு பாடவேளைகளில் நடத்தலாம்.

அறிமுகம்

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் ஏற்பட்ட காட்டுத்தீயில், மலையேறச் சென்றவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன்பின் தமிழ்நாடு அரசு மலையேற்றத்துக்கு விதிமுறைகளை வகுத்தது. 2024 அக்டோபரில் வனத்துறை சார்பில் தொடங்கப்பட்ட மலையேற்றத் திட்டத்தில் 14 மாவட்டங்களில் 40 தடங்கள் இடம்பெற்றன. அவை எளிது, மிதம், கடினம் என மூன்றாகப் பிரிக்கப்பட்டுள்ளன. இச்செய்தியைக் கூறி, “எதை வைத்து இப்படிப் பிரித்திருப்பார்கள்?” என்று கேட்கவும். தூரம், ஏற்றம், தரையின் தன்மை, ஆகும் நேரம் ஆகிய விடைகளை மாணவர்களிடமிருந்தே பெறலாம்.

செயல்பாடு 1: நேரக் கணக்கு (6, 7ஆம் வகுப்பு)

ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் ஒரு விதியைத் தந்தார். மெட்ரிக் அளவில் அதை ஏறத்தாழ இவ்வாறு கூறலாம்: 5 கி.மீ. நடக்க 1 மணி நேரம். அத்துடன் ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் 10 நிமிடம்.

செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி ஏறத்தாழ 240 மீட்டர் உயரமுள்ளது. மேலே செல்லும் நடைதூரத்தை 2 கி.மீ. எனக் கொள்வோம். நடைக்கு 24 நிமிடம், ஏற்றத்துக்கு 24 நிமிடம், ஆக 48 நிமிடம். இது நல்ல உடல்திறன் உள்ள பெரியவர் ஓய்வின்றி ஏறும் கணக்கு. நாற்பது பிள்ளைகளுடன் சென்றால் எவ்வளவு கூட்ட வேண்டும் என்று குழுவாக விவாதிக்கச் செய்யவும்.

செயல்பாடு 2: வர்க்கமூலம் (8, 9ஆம் வகுப்பு)

அமெரிக்காவின் ஷெனண்டோவா தேசியப் பூங்கா தன் பாதைகளைத் தரப்படுத்த ஒரு சூத்திரத்தைப் பயன்படுத்துகிறது. ஏற்றத்தை அடியிலும், போய்வரும் மொத்தத் தூரத்தை மைலிலும் எடுத்து, இரண்டையும் பெருக்கி, அதை இருமடங்காக்கி வர்க்கமூலம் காண வேண்டும். விடை 50-க்குக் கீழ் இருந்தால் எளிது. 50 முதல் 100 வரை மிதம். அதற்கு மேல் படிப்படியாகக் கடினம்.

பாதை அ: 800 அடி ஏற்றம், 4 மைல். 2 × 800 × 4 = 6400; வர்க்கமூலம் 80.
பாதை ஆ: 1600 அடி ஏற்றம், 2 மைல். 2 × 1600 × 2 = 6400; வர்க்கமூலம் 80.

இரண்டும் ‘மிதம்’ என்றே வருகின்றன. ஆனால் ஒரு மைலுக்குரிய ஏற்றத்தை ஒப்பிட்டால் ஆ நான்கு மடங்கு செங்குத்தானது. ஒரே தரநிலை பெற்ற இரு பாதைகள் ஒன்றுபோல் இருக்க வேண்டியதில்லை என்பதை மாணவர்கள் தாங்களே கண்டறிவர்.

கலந்துரையாடல்: தரநிலை சொல்லாதவை

தரநிலை பாதையை அளக்கிறது. அன்றைய வெயில், மழை, காட்டுத்தீ, நடப்பவரின் உடல்நிலை ஆகியவை அதில் இல்லை. ராஜகிரியின் படிகள் காலை 7 மணிக்கு ஒரு மாதிரி. பாறை சூடேறிய நண்பகலில் வேறு மாதிரி. மழையில் வழுக்கும் பாறையில் இறங்குவது, ஏறுவதைவிட ஆபத்தானது. கோடையில் தீ அபாயம் கருதி வனத்துறை தடங்களை மூடுவதற்குக் காரணமும் இதுவே: பாதை மாறுவதில்லை, நாள் மாறுகிறது.

மதிப்பீடு

பள்ளிக்கு அருகிலுள்ள ஏரிக்கரையில் 1 கி.மீ. நடக்க ஆகும் நேரத்தை மாணவர்கள் குறிக்கட்டும். குழுவில் மிக மெதுவாக நடந்தவரின் நேரத்தைக் கொண்டு ராஜகிரிக் கணக்கை மீண்டும் செய்யச் சொல்லவும்.

சுற்றுலாவுக்குத் திட்டமிடும் ஆசிரியரும் அந்த நேரத்தையே கணக்கில் கொள்ள வேண்டும். புறப்படும் நேரம், குடிநீர், முதலுதவிப் பெட்டி, ஆஸ்துமா போன்ற நோயுள்ள பிள்ளைகளின் விவரம், திரும்பியாக வேண்டிய நேரம் ஆகியவற்றை முன்கூட்டியே எழுதி வைப்போம். உச்சியை அடையாவிட்டாலும் குறித்த நேரத்தில் திரும்பிவிட வேண்டும் என்பதைப் பிள்ளைகளிடமும் பெற்றோரிடமும் புறப்படும் முன்பே சொல்லிவிடுவது நல்லது.