பனிக்காலத்தில் கோழியை வெளியே விடுமுன்

அன்புள்ள யாழினி,

நாய் கடித்த பெட்டையும் சளி பிடித்த பெட்டையும் தேறிவிட்டன, அடுப்படியில் அவற்றின் அமளி தாங்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை வெளியே விட்டுவிடலாமா என்று கேட்டிருந்தாய். இந்த ஞாயிறு வேண்டாம். உதகையில் ஜனவரி இரவு எப்படியிருக்கும் என்று உனக்கே தெரியும்.

முதலில் நாய் கடித்ததைப் பிடித்து மடியில் வை. முதுகு இறகை எதிர்ப்பக்கமாகக் கோதிப் பார். தோலில் சிவப்போ பொருக்கோ தெரிந்தால், வேப்பெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துப் போட்டு இன்னும் சில நாள் உள்ளேயே வைத்திரு. சிவப்பைக் கண்டால் மற்றக் கோழிகள் கொத்தாமல் விடாது. புதிதாக முளைக்கும் இறகு கருநீலக் குருத்தாக இருக்கும்வரை அதற்குள் ரத்தம் ஓடும், ஒடிந்தால் கசியும். அதனால் காயம் மூடினால் மட்டும் போதாது, இறகும் விரிந்திருக்க வேண்டும். அப்படியே நெஞ்செலும்பையும் தடவு. கத்திமுனை போலத் துருத்தினால் இன்னும் சதை பிடிக்கவில்லை என்று அர்த்தம். சதையில்லாத கோழி குளிர் தாங்காது.

கோழியின் உடல் வெப்பம் 41 டிகிரிக்கு மேல். வெளியே பூஜ்ஜியத்தை ஒட்டிய குளிர் இருந்தாலும், இறகுக்கு அடியில் உள்ள தூவி காற்றைப் பிடித்து வைத்து அந்த வெப்பத்தைக் காக்கும். அடுப்படிச் சூட்டுக்குப் பழகிய கோழியை ஒரே நாளில் வெளியே தள்ளாதே. முதலில் அடுப்படியிலிருந்து திண்ணைக்கு மாற்று. பிறகு நீர்ப்பனி காய்ந்தபின், பத்து மணிக்கு மேல் வெயிலில் விட்டு, மூன்று மணிக்குள் உள்ளே எடு. ஒரு வாரம் இப்படிப் பழக்கு. குளிரைவிட ஈரம்தான் கோழிக்கு எமன். நனைந்த தூவியில் காற்று நிற்காது. குளிருக்குப் பயந்து கூட்டின் சந்துகளையெல்லாம் சாக்கால் அடைப்பவர்களைப் பார்த்திருப்பாய். அது தவறு. மூச்சின் ஈரமும் எச்சத்தின் நெடியும் உள்ளேயே தங்கி, புதிதாகச் சளி பிடிக்கும். கோழி அடையும் உயரத்தில் காற்று அடிக்கக் கூடாது, அதற்கு மேலே திறப்பு இருக்க வேண்டும்.

குளிருக்குப் பழகியபின் கூட்டத்துக்குப் பழக்கு. இரண்டையும் ஒன்றாகச் செய்யாதே. யார் யாரைக் கொத்தலாம் என்ற வரிசை கோழிகளுக்குள் உண்டு. சிறுவயதிலிருந்தே கோழிகளைக் கவனித்து வந்த நார்வேக்காரர் ஷெல்டெரூப்-எப்பே 1922இல் இதை எழுதி வெளியிட்டார். கொஞ்ச நாள் காணாமல்போன கோழிக்கு அந்த வரிசையில் பழைய இடம் இருக்காது. உன் பாட்டி வீட்டுப் பஞ்சாரத்தைக் கேட்டு வாங்கு. அதற்குள் பெட்டையை வைத்து, மற்றவை மேயும் இடத்தில் கவிழ்த்துவிடு. ஒன்றையொன்று பார்க்கட்டும், கொத்த முடியாது. நாலைந்து நாளில் மற்றவை பஞ்சாரத்தைச் சட்டை செய்யாது, அப்போது திறந்துவிடலாம். இருட்டில் கூட்டுக்குள் வைத்தால் காலையில் சேர்ந்துகொள்ளும் என்பார்கள். இரவு சண்டை வராது, உண்மைதான், விடிந்ததும் வரும். தீனியும் தண்ணீரும் இரண்டு மூன்று இடங்களில் தள்ளித் தள்ளி வை. இரண்டு கொத்து வாங்கினால் பதறாதே. ரத்தம் தெரிந்தால் உடனே எடு. விடாமல் துரத்தும் ரவுடி ஒன்று இருக்குமானால், அதைத்தான் இரண்டு நாள் தனியே அடைக்க வேண்டும்.

சளி பிடித்த பெட்டை விஷயம் வேறு. கண்ணும் மூக்கும் காய்ந்து, நன்றாகத் தீனி எடுக்கிறது என்று எழுதியிருக்கிறாய். ஆனால் அது நீடித்த சளிநோயாக இருந்தால், கோழி தேறினாலும் கிருமி உள்ளேயே இருக்கும். குளிரில் உடம்பு தளரும்போது மறுபடி கிளம்பி மற்றவற்றுக்கும் பரவும். கால்நடை மருத்துவமனைக்கு எடுத்துப் போய்க் காட்டு. அவர்கள் சரி என்று சொல்லும்வரை அந்தப் பெட்டையைக் கூட்டத்தில் சேர்க்காதே, அதன் தண்ணீர்க் கிண்ணத்தையும் தனியாகவே வைத்திரு.

அன்புடன்,
பெரியப்பா