இரண்டு கிளைகால்: ஒன்று மருந்து, ஒன்று நஞ்சு

அதிகப் பால் தரும் கலப்பினப் பசுக்களில் சில, கன்று ஈன்ற முதல் இரு மாதங்களுக்குள் அடர்தீவனத்தை ஒதுக்கிவிட்டு வைக்கோலை மட்டும் தின்னும். பால் குறையும், உடல் இளைக்கும். மூச்சில் ஒருவித இனிப்பு வாடை வீசும். இது ‘கீட்டோசிஸ்’ என்னும் நோயாக இருக்கலாம்.

பாலுக்குச் செலவாகும் சக்தி தீவனத்திலிருந்து கிடைக்காதபோது, பசு தன் உடல் கொழுப்பைக் கரைக்கிறது. ரத்தத்தில் சர்க்கரை குறைந்து கீட்டோன் பொருள்கள் பெருகுகின்றன.

மருந்து

இந்நோய்க்குப் புகட்டப்படும் மருந்துகளுள் முக்கியமானது புரோப்பிலீன் கிளைகால். பெட்ரோலியத்திலிருந்து கிடைக்கும் மூலப்பொருளைக் கொண்டு தயாரிக்கப்படும் இது, நிறமும் மணமும் இல்லாத, சற்றே இனிக்கும் குழகுழப்பான திரவம். நீருடன் எந்த அளவிலும் கலக்கும். 188 டிகிரி சென்டிகிரேடில் கொதிக்கும். ஈரத்தைக் காப்பதால் மருந்துகளிலும் அழகுப் பொருள்களிலும் சேர்க்கப்படுகிறது. பிளாஸ்டிக் பிசின் தயாரிக்கவும் பயன்படுகிறது.

பசுவின் ஈரல் இதைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்கிறது. வளர்ந்த பசுவுக்கு வழக்கமான அளவு, நாளொன்றுக்கு ஒருமுறை சுமார் 300 மில்லி வீதம் 3 முதல் 5 நாட்கள். அளவு மீறினால் பசு மயக்கமுற்றுத் தள்ளாடும். புகட்டும்போது தலையை அதிகம் தூக்கக்கூடாது. நாக்கை இழுத்துப் பிடிக்கக்கூடாது. மருந்து நுரையீரலில் இறங்கினால் நிமோனியா காணும்.

நஞ்சு

டிராக்டர் ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட்டில் பெரும்பாலும் இருப்பது எத்திலீன் கிளைகால். பாலியெஸ்டர் நூலுக்கும் இதுவே மூலப்பொருள். இதுவும் இனிக்கும், ஆனால் கொடிய நஞ்சு. உடலுக்குள் ஆக்சாலிக் அமிலமாக மாறி, சுண்ணாம்புச் சத்துடன் சேர்ந்து படிகமாகிச் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். இனிப்பை நாடிக் கன்றும் நாயும் நக்கிவிடக்கூடும்.

எனவே, ‘கிளைகால்’ என்று மட்டும் கேட்டு வாங்கலாகாது. தொழிற்சாலை உபயோகத்திற்கான டிரம்மிலிருந்து சில்லறையாக ஊற்றித் தருவதையும் வாங்கலாகாது. கால்நடை மருந்து என்று அச்சிட்ட, முழுப்பெயர் உள்ள புட்டியையே டாக்டரின் சீட்டுப்படி வாங்க வேண்டும். பழைய கூலன்ட்டைத் தரையில் கொட்டாமல், மூடிய கலத்தில் தொழுவத்துக்கு அப்பால் வைக்க வேண்டும்.

சினைப் பசுவை அளவுக்கு மீறிக் கொழுக்க விடாமல், ஈன்றபின் அடர்தீவனத்தைப் படிப்படியாகக் கூட்டி வந்தால், இம்மருந்துக்கு அவசியம் நேர்வது குறையும்.