பற்றின்மையும் அந்நியமாதலும்

தன் கையாற் செய்த பொருளே தனக்குப் பிறிதாய் நிற்க, தொழிலிலும் உடனுறைவாரிடத்தும் ஒருவன் ஒட்டின்றி வாழும் நிலையை மேலைநாட்டு நூலோர் அந்நியமாதல் என்பர். கார்ல் மார்க்ஸ் என்பார் 1844 இல் எழுதி, அவர் இறந்தபின் 1932 இல் முற்றாக அச்சேறிய குறிப்புக்களில் இதனை விரித்தாராய்ந்தார்.

இதற்கு ஒரு காரணம் தொழிற்பிரிவினையாம். ஆதம் சிமித் என்பார் 1776 இல் வெளியிட்ட நூலிலே, குண்டூசி செய்தல் ஏறக்குறைய 18 செயல்களாகப் பகுக்கப்படுதலையும், அங்ஙனம் பகுத்தமையால் 10 பேர் கூடி ஒரு நாளில் 48,000 ஊசி செய்தலையும் காட்டினார். சில எளிய செயல்களையே வாழ்நாள் முழுதுஞ் செய்வான் அறிவு மழுங்குவன் என்றும், அதற்குப் பரிகாரமாக எளியார் பிள்ளைகளுக்கு ஊர்தோறும் பாடசாலை வேண்டுமென்றும் அவரே அந்நூலிற் கூறினார். 1913 இல் அமெரிக்காவிலே ஹென்றி போர்டின் மோட்டார்த் தொழிற்சாலையில் ஓடும் வரிசை அமைந்தபோது வேலையாட்கள் பெருந்தொகையினராய் விலகினர். 1914 ஜனவரியில் நாட்கூலி 5 டொலர் ஆக்கப்பட்டமைக்கு அதுவும் ஒரு காரணமாம்.

பற்றற்றுத் தொழில் செய்க என்று நம் சமயமுங் கூறுதலின், இவ்விரண்டும் ஒன்றேயன்றோ எனின், அன்று. பற்றற்றவன் செயலின் நோக்கத்தை அறிந்து, மனம் வாக்குக் காயம் மூன்றையும் அதன்கட் செலுத்தி, பயனை மாத்திரம் இறைவனுக்கு ஒப்புவிக்கின்றான். அந்நியமானவனோ நோக்கம் அறியாது, கையை மாத்திரங் கொடுத்து, கூலியாகிய பயனையே பற்றி நிற்கின்றான். முன்னவன் விட்டதனைப் பின்னவன் பற்றினான். முன்னவன் பற்றியதனைப் பின்னவன் இழந்தான். இஃது அவன் குற்றமன்று. தொழிலின் அமைப்பே அவனை அங்ஙனம் ஆக்கிற்று. அவனுக்குப் பற்றின்மை போதித்தல் பட்டினி கிடப்பவனுக்கு உபவாசம் போதித்தல் போலும்.

திருநாவுக்கரசு நாயனார் உழவாரப்படை கொண்டு புற்செதுக்கியதும் ஒரே செயலைப் பலகாலுஞ் செய்ததேயாம். யார்பொருட்டு என்பது உணர்ந்து செய்தமையின் அது திருத்தொண்டாயிற்று. ஆன்மா சார்ந்ததன் வண்ணமாவது என்பது சித்தாந்தமாதலின், யந்திரத்தையே நாளுஞ் சார்ந்தவன் யந்திரம்போலாதல் வியப்பன்று.

ஆசிரியர்காள்! இந்நோய் தொழிற்சாலைக்கு மாத்திரம் உரியதன்று. புள்ளிக்காகவே பொருளுணராது திருமுறையை மனனஞ் செய்யும் பிள்ளையும், சம்பளநாளையே எண்ணிப் பாடஞ் சொல்லும் ஆசிரியனும் குண்டூசிச் சாலையில் நிற்பவரேயாவர். ஆதலின், இப்பாடம் எதற்கு என மாணாக்கர் வினாவ இடங்கொடுத்து, விடையும் பகர்க. பூஞ்செடி நட்ட கையே நீர்வார்த்து, பூக்கொய்து, மாலை தொடுத்துத் திருக்கோயிலிற் கொடுக்குமாயின், தொழிலின் முதலும் நடுவும் முடிவும் அப்பிள்ளைக்கு ஒருங்கே விளங்கும்.