மருத்துவ ஆராய்ச்சியும் பொதுமக்கள் உடன்பாடும்

ஹைலெவல் வீதியின் இருமருங்கும் அமைந்த கிருலப்பனையில் வாழ்வோருக்கு அவ்வூர் வாய்க்காலை நாம் அறிமுகஞ் செய்ய வேண்டியதில்லை. நகரின் கழிவையும் மழைநீரையும் சுமந்து வெள்ளவத்தைக் கடலை நாடி மெல்லச் செல்லும் அத்தகைய அழுக்கு நீரிலேதான் கியூலெக்ஸ் என்னும் நுளம்பு பெருகும். யானைக்கால் நோயை ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குக் கொண்டு செல்வது அதுவே. இலங்கையின் மேல், தென், வடமேல் மாகாணங்களில் அந்நோய் நெடுங்காலம் நிலைத்திருந்தது. அதனை ஒழிக்கவென்றே 1947ஆம் ஆண்டில் யானைக்கால் நோய் எதிர்ப்பு இயக்கம் நிறுவப்பட்டது.

இந்நோய்க் கிருமியிடம் ஒரு விந்தையான இயல்பு உண்டு. நோயுற்றவர் இரத்தத்திலுள்ள நுண்புழுக்கள் பகற்பொழுதெல்லாம் நுரையீரற் குழாய்களிற் பதுங்கியிருந்து, இரவிலே தோலருகேயுள்ள நுண்குழாய்களுக்கு வந்து சேருகின்றன. இரவு பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையே அவை மிகுந்து காணப்படும். நுளம்பு வந்து கடிக்கும் வேளையும் அதுவேயாதலின், இயற்கையின் இவ்வொழுங்கை என்னென்பது! ஆகவே நோயைத் தேடிச் செல்லும் சுகாதார ஊழியரும் இரவிலேயே செல்லல் வேண்டும். வீடு வீடாகச் சென்று, விரல் நுனியைக் குத்தி, வெளிவரும் துளியைக் கண்ணாடித் தகட்டிற் பரப்பி எடுத்துச் சென்று நுணுக்குக்காட்டியில் ஆராய்வர்.

கால் வீங்கியவர் தாமே வைத்தியசாலைக்குச் செல்வர். நோய்க்குறி எதுவுமின்றி நடமாடிக்கொண்டே கிருமியைத் தாங்கி நிற்பவரோ பலர். அவரை அறிய வேறு வழியில்லை. இரவு உணவு முடித்துப் படுக்கச் செல்லும் நேரத்திற் கதவு தட்டப்படும்போது, தமக்கு நோயில்லை என்று நம்பியிருக்கும் ஒருவர் எழுந்து வந்து விரலை நீட்ட வேண்டும். 2002 முதல் 2006 வரை ஆண்டுதோறும் எட்டு மாவட்டங்களின் மக்களுக்கு மாத்திரைகள் வழங்கப்பட்டன. 2016இல் இலங்கையில் யானைக்கால் நோய் ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாதொழிந்தது என்று உலகச் சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டது. அவ்வெற்றியில் மருந்துக்கு உள்ள பங்கு, விரல் நீட்டிய பெயர் தெரியாத அம்மக்களுக்கும் உண்டு.

இரவு இரத்தப் பரிசோதனை கணக்கெடுப்பேயன்றி ஆராய்ச்சியன்று எனச் சிலர் கூறலாம். அது உண்மையே. ஆயினும் இரண்டும் சுகதேகிகளின் உடன்பாட்டையே நம்பி நிற்பன. ஆராய்ச்சியில் அவ்வுடன்பாடு எத்துணை பெரிய பயனைத் தரும் என்பதற்குச் சென்னையில் நிகழ்ந்த ஒன்றை இங்கு விரித்துரைக்க விரும்புகின்றோம்.

சயரோகம் எனப்படும் காசநோய் வந்தவரை வீட்டினின்றும் பிரித்து, நல்ல காற்றும் நல்ல உணவும் உள்ள சானற்றோரியத்தில் ஓராண்டேனும் படுக்கவைத்தல் வேண்டும் என்பதே அக்கால மருத்துவ உலகின் உறுதியான கொள்கை. ஆனால் இந்தியாவிலோ இலட்சக்கணக்கான நோயாளருக்குப் படுக்கைகள் சில ஆயிரமே. 1956ஆம் ஆண்டு சென்னையில் காசநோய் இரசாயன சிகிச்சை நிலையம் தோன்றியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசாங்கம், உலகச் சுகாதார நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிச் சபை ஆகிய நான்கும் கூடி அதனை நடத்தின. வொலஸ் பொக்ஸ் என்னும் ஆங்கிலேய மருத்துவர் அங்கு முதன்மை வகித்தார். நகரத்து ஏழைகளுள் 193 நோயாளர் தெரியப்பட்டனர். யார் வீட்டிலிருப்பது, யார் சானற்றோரியஞ் செல்வது என்பதை மருத்துவர் தீர்மானிக்கவில்லை. குலுக்கல் முறையே தீர்மானித்தது. இரு சாராருக்கும் அதே இரண்டு மருந்துகள், ஓராண்டு காலம்.

சானற்றோரியத்திலிருந்தவர் நன்கு உண்டனர், ஓய்வு கொண்டனர். வீட்டிலிருந்தவரோ நெருக்கமான சிறு குடில்களில், வயிறு நிறையாத உணவோடு, பிள்ளை குட்டிகளுக்கு நடுவே மருந்துண்டனர். ஆண்டிறுதியிற் சானற்றோரியத்தாருள் நூற்றுக்கு 92 பேரிலும், வீட்டிலிருந்தோருள் நூற்றுக்கு 86 பேரிலும் நோய் அடங்கியிருந்தது. அவ்வேறுபாடு சிறிதே. வீட்டாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றுமோ என்பதே யாவருக்கும் இருந்த பேரச்சம். குடும்பத்தவரை ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்து பரிசோதித்ததில் அவ்வச்சமும் ஆதாரமற்றதெனத் தெளிவாயிற்று. 1959இல் இம்முடிவு வெளிவந்த பின்னர், உலகெங்கும் சானற்றோரியங்கள் படிப்படியாக மூடப்பட்டன. காசநோயாளர் தம் வீட்டிலிருந்தே குணமடையலாம் என்பது பொது விதியாயிற்று. அதனை உலகுக்கு மெய்ப்பித்தவர், மருத்துவ நூல் எதனையும் கண்டறியாத சென்னை ஏழைமக்கள்.

குலுக்கல் எதற்கு என்று கேட்போர் உளர். மருத்துவரே பிரித்திருந்தால், இரக்கத்தினால் நலிந்தவரைச் சானற்றோரியத்துக்கு அனுப்பியிருப்பார். பின்னர் எது எதனால் விளைந்தது என்று எவராலும் கூறவியலாது. எல்லா ஆராய்ச்சியும் இவ்வாறு மகிழ்ச்சியில் முடிவதுமில்லை. 1968இற் செங்கற்பட்டு மாவட்டத்தில் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டோரைக் கொண்டு தொடங்கிய பீ.சீ.ஜீ. தடுப்பூசி ஆராய்ச்சி, வளர்ந்தோருக்கு வரும் நுரையீரற் காசநோயை அவ்வூசி தடுக்கவில்லை என்றே காட்டியது. அதுவும் அறிவே, வீண்போன உழைப்பென்று நாம் கொள்ளோம்.

இனி, பிறநாட்டார் ஆராய்ந்து கண்டதை நாம் பெற்றுக்கொண்டாற் போதாதோ என வினவலாம். போதாது. உடல் நிறையை உயரத்தோடு ஒப்பிட்டுக் கணிக்கும் உடற்றிணிவுச் சுட்டியில் 25ஐக் கடந்தாலே மிகைநிறை என்பது பொதுவாக வழங்கிய அளவு. ஆசிய மக்களுக்கு அதற்குக் கீழேயே நீரிழிவும் இருதய நோயும் தலைகாட்டுவதைக் கண்ட உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, 2004இல், 23ஐயும் கவனிக்கவேண்டிய எல்லையாகக் குறித்தது. எவரை அளந்து விதி வகுக்கப்படுகின்றதோ அவருக்கே அவ்விதி பொருந்தும். அளக்கும்போது வராதவர் பின்னர் அளவு பொருந்தவில்லை என்று நொந்து பயனில்லை.

நம் நாட்டிலும் முன்வந்தோர் உளர். மூன்று மருந்துகளைச் சிறு அளவிற் சேர்த்த ஒரே மாத்திரை, உயர் குருதியமுக்கத்தை வழக்கமான சிகிச்சையினும் நன்கு அடக்குமா என்ற ஆராய்ச்சி இலங்கை வைத்தியசாலைகளிலேயே நடைபெற்றது. பங்குகொண்டோர் 700 பேர். ஆறு மாதத்தில் மாத்திரை பெற்றோருள் நூற்றுக்கு 70 பேரும், வழக்கமான சிகிச்சை பெற்றோருள் 55 பேரும் வேண்டிய அளவை எய்தினர். 2018இல் வெளியான இம்முடிவைப் பிறநாட்டு மருத்துவரும் ஆவலோடு கற்றனர்.

இவ்வளவு கூறிய நாம், மக்களின் ஐயத்தை அறியாமை என்று தள்ளிவிட மாட்டோம். அதற்குக் காரணம் உண்டு. 1916இல் மாத்தளைத் தோட்டங்களில் றொக்பெல்லர் நிறுவனத்தார் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியபோது, மருந்தை விழுங்கியவர் நம் தமிழ்த் தொழிலாளர். உடன்பாடு நாடப்பட்டதோ தோட்டத் துரைமாரிடம். அமெரிக்காவில் டஸ்கீகி என்னுமிடத்தில், 1932 முதல் 1972 வரை, மேகநோயுற்ற ஏறத்தாழ நானூறு கறுப்பின ஆடவருக்கு, பென்சிலின் கிடைக்கத் தொடங்கிய பின்னரும் அதனைக் கொடாது, நோயின் போக்கை வேடிக்கை பார்த்தனர். இவற்றை மறைத்துவிட்டு மக்களை அழைப்பது நேர்மையன்று.

இத்தகைய கொடுமைகளின் பின்னரே விதிகள் பிறந்தன. நாசி மருத்துவரை விசாரித்த நியூரம்பேர்க் தீர்ப்பு 1947இலும், உலக மருத்துவச் சங்கத்தின் ஹெல்சிங்கி பிரகடனம் 1964இலும் வந்தன. பங்குகொள்பவர் விளங்கித் தாமாக இசைதல் வேண்டும். எந்த வேளையிலும் காரணங் கூறாது விலகலாம். விலகினால் அவருக்குரிய சிகிச்சை குறைதலாகாது. ஆராய்ச்சி தொடங்குமுன் ஒழுக்கநெறி மீளாய்வுக் குழுவொன்று அதனை ஏற்றிருத்தல் வேண்டும். இலங்கை மருத்துவச் சங்கம் 2006 முதல் மருத்துவப் பரிசோதனைகளுக்கான பதிவேடு ஒன்றையும் நடத்தி வருகின்றது. அதனை எவரும் பார்வையிடலாம்.

ஆதலின் கிருலப்பனையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒருவர் வந்து ஆராய்ச்சிக்கு அழைத்தால், கதவைச் சாத்துவதும் வேண்டாம். கேளாமலே கையொப்பமிடுவதும் வேண்டாம். தகவற் பத்திரத்தைத் தமிழிலே கேட்டு வாங்கி, வீட்டாரோடு கூடிப் படித்து, மறுநாள் விடை கூறுங்கள். எந்தக் குழு இதனை ஏற்றது? தீங்கு நேர்ந்தால் யார் பொறுப்பு? என் இரத்தத்தை எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள்? என் பெயர் எங்கே செல்லும்? இவற்றுக்கு முகஞ்சுளிக்காது விடை தருபவரோடு செல்லலாம். புதிய மருந்து நமக்கே நன்மை செய்யும் என்று மட்டும் எண்ணிச் செல்லல் ஆகாது; குலுக்கலில் நமக்குப் பழைய மருந்தே வரலாம், வெறும் மாத்திரையும் வரலாம். பயன் பெரும்பாலும் பின்வருவோருக்கே. இறந்தபின் கண்ணைத் தானஞ் செய்வதிற் புகழ்பெற்ற இந்நாட்டிலே, உயிரோடிருக்கும்போது அரை மணி நேரத்தைத் தருதல் எவருக்கும் இயலாததொன்றன்று.

இன்னுமொரு கேள்வி உண்டு: முடிவு தெரிந்தபின் எமக்கும் அறிவிப்பீர்களா? இதனைப் பெரும்பாலோர் கேட்பதில்லை. முடிவு ஆங்கிலச் சஞ்சிகையில் வெளிவரும். விரலை நீட்டியவர் அதனை அறியார். நம் பழைய மாணவருள் மருத்துவராயுள்ளோர், இப்பகுதிகளில் நடைபெறும் ஆராய்ச்சிகளின் முடிவுகளை ஒவ்வொரு பக்க அளவில் எளிய தமிழில் எழுதித் தருவாராயின், அவற்றை அச்சிட்டுக் கிருலப்பனை, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை வாசிகசாலைகளில் ஒட்டிவைக்கும் பணியை ஏனையோர் ஏற்றுக்கொள்ளலாம்.